குலுங்காத ஜீப்

என் இடுப்பில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் ஆகாது. இரண்டும் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடுப்பை வைத்துக்கொண்டு கரடிப்பாறை ரேஷன் கடைக்கு மாற்றலாகி வந்தேன் என்றால், என் ஜாதகத்தை எழுதியவனைத்தான் கேட்க வேண்டும்.

அடிவாரத்திலிருந்து கரடிப்பாறைக்கு ரோடு உண்டு என்று வரைபடத்தில் இருக்கிறது. ரோடு போட இரண்டு முறை பூமி பூஜையும் நடந்தது. பூஜையில் உடைத்த தேங்காயின் ஓடு இன்னும் கிடக்கிறது, ரோட்டைத்தான் காணோம். பாறை, பள்ளம், ஓடைத் தண்ணீர், மறுபடியும் பாறை. இதில் ஏறி இறங்குவது குபேந்திரனின் ஜீப் ஒன்றுதான். அதற்குள் உட்கார்ந்தால் யார் மடியில் யார் விழுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்தவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், தாங்கியவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊரையும் ரோட்டையும் திட்டிக்கொண்டே போவேன்.

குபேந்திரன் பேச்சுக் குறைந்த ஆள். அவன் மனைவி செல்வராணிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் ஏழாம் மாதத்தில் இந்த ரோட்டிலேயே கலைந்துபோயின. மூன்றாவது உண்டானபோது, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, குலுங்கினால் ரத்தம் போய்விடும், தாயும் தங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பிரசவத்துக்குக் கீழே வந்துதான் ஆக வேண்டும். அடிவாரத்தில் ஒரு வீடு பிடித்துத் தங்கலாமே என்று நான்கூடச் சொன்னேன். மலை இறங்குவதும் இந்த ரோட்டில்தானே என்றான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஜீப்பின் அடிப்பாகம்தான் உலகம். குலுக்கலைத் தாங்கும் இரும்பு வில் பட்டைகளைக் கழற்றிப் புதுப் பட்டை போட்டான். பிறகு அதில் ஒன்றை உருவினான். கல்லிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்டுகிறவர்கள் வண்டிக்குப் போடும் ஷாக் அப்சார்பரைத் தேடிப் பிடித்து மாட்டினான். டயரைப் பெரிதாக்கினான். ஒவ்வொரு முறையும் செல்வராணி உட்காரும் இடத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்ப்பான். கீழே போய்ச் சேரும்போது செம்பும் இருக்காது, தண்ணீரும் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஷர்மிளா என்ற பொறியாளர் ஊருக்கு வந்தாள். அவளுடைய கம்பெனி, வண்டியின் அதிர்வைத் தாங்கப் புதிதாக ஒரு சஸ்பென்ஷன் செய்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க மோசமான ரோடு ஒன்று வேண்டுமாம். நம் நாட்டில் அதற்காக அலைய வேண்டியதில்லைதான். இருந்தாலும் எங்கள் ரோட்டைப் பார்த்ததும் அந்தப் பெண் கோயில் வாசலில் நிற்பதுபோல் கைகூப்பினாள்.

பழைய பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நான்கு சக்கரத்திலும் நான்கு கறுப்புக் குழாய்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் நெஞ்சுத் துடிப்பைப் பிடிக்கும் ஒரு தட்டு. டிரைவருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை, அதில் ஆளுக்கொரு புள்ளி, துடிப்பு ஏறினால் சிவக்கும், இறங்கினால் பச்சையாகும். கையைப் பிசைந்துகொண்டு நின்ற குபேந்திரனிடம் அவள் விளக்கினாள். நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அதிர்வு மாயமா மறைஞ்சு போகாதுண்ணே. எங்கேயாவது போய்த்தான் ஆகணும். இதுவரைக்கும் எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்தோம், எல்லாரும் திட்டினாங்க. இந்த மெஷின் மொத்தத்தையும் ஒரே ஒருத்தர்கிட்ட குடுத்துடும். அப்ப ஒருத்தர்தானே திட்டுவார்?"

காலி சீட்டுக்கு அனுப்பினால் என்ன, அரிசி மூட்டையை வைத்தால் என்ன என்று கேட்டேன். அவள் எல்லாம் செய்து பார்த்திருக்கிறாள். மூட்டை கிழிந்ததாம், இரும்பு உடைந்ததாம். மனித உடம்பு மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும் பொருளை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றாள்.

"அந்த ஒரு ஆள எப்புடி மேடம் புடிக்கும்?" என்று குபேந்திரன் கேட்டான்.

"யாரால தாங்க முடியுமோ அவங்களை. நெஞ்சுத் துடிப்பு யாருக்கு நிதானமா இருக்கோ, அவங்க தாங்குவாங்கன்னு கணக்கு. ஏற்கெனவே படபடப்பா இருக்கிறவங்களை மறுபடி அடிக்கிறது நியாயமில்லையே. கர்ப்பிணிங்களுக்குத் துடிப்பு எப்பவுமே கொஞ்சம் வேகம். உங்க வீட்டம்மா மேல விழாது."

"எம் மேல விழுகுற மாதிரி வைக்க முடியாதா?"

டிரைவர் சீட்டுக்கு விலக்கு என்றாள். ஸ்டீயரிங் கைநழுவினால் எல்லாரும் பள்ளத்தில். குபேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான்.

முதல் சவாரியில் நானும் இருந்தேன். வாரத்தில் இரண்டு மூன்று தரம் கீழே போக எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். கடை தன்பாட்டுக்குப் பூட்டிக் கிடக்கும். அன்று ஜீப் நகர்ந்தது தெரிந்தது, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. வெளியே மரங்கள் மேலும் கீழும் ஆடின, நாங்கள் கல்யாண மண்டபத்துச் சோபாவில் இருந்தோம். பழைய வார்டு மெம்பர் ராசாங்கம் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையைக் குறி தவறாமல் வாயில் போட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் அந்த ஜீப்பில் யாரும் செய்யாத காரியம் அது.

பின்சீட்டு மூலையில் பவுன்தாய் மட்டும் எகிறி எகிறி விழுந்துகொண்டிருந்தாள். செல்வராணியின் அம்மா. சந்தைக்கு மலைவாழைத் தார் கொண்டுபோகிறவள். ஜீப்பில் ஏறியதும் தூங்கிவிடுவாள். எதற்கும் பதறாத பிறவி. யானை வந்தபோதுகூட உலையில் அரிசி போட்டுவிட்டுத்தான் ஓடினாள் என்று ஊரில் சொல்வார்கள். தலை கம்பியில் இடித்த பிறகு கண்ணைத் திறந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏப்பா, எனக்கு மட்டுந்தேன் ரோடு இருக்கா?" என்றாள்.

அப்போதும் அவள் துடிப்பு ஏறவில்லை. மற்றவர்களாக இருந்தால் ஒரு அடி விழுந்ததும் நெஞ்சு படபடக்கும், மெஷின் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். பவுன்தாயிடம் வந்த அதிர்வு அவளை விட்டு நகரவே இல்லை. திரையில் எங்கள் புள்ளியெல்லாம் சிவப்பாக இருக்க, அவள் புள்ளி மட்டும் பச்சை வெற்றிலை மாதிரி இருந்தது.

ஊருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. நிம்மதியாக இருப்பவன் அடி வாங்குவான். அவ்வளவுதானே? கரடிப்பாறை மக்கள் பதற்றமாக இருக்கப் பழகினார்கள். ஜீப்பில் ஏறும் முன் அதைச் சுற்றி ஓடினார்கள். கடுங்காப்பியைச் செம்பு செம்பாகக் குடித்தார்கள். ராசாங்கம் ஏறி உட்கார்ந்ததும் தன் வரப்பை அண்ணன் வெட்டிச் சேர்த்துக்கொண்ட கதையை ஆரம்பிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும்வரை நிறுத்த மாட்டார். என் கடை வரிசையில் தவறாமல் நிற்கும் ஒச்சம்மா கண்ணை மூடி மருமகளை நினைத்துக்கொள்வாள். சமாதானமாகிப்போன புருஷன் பெண்டாட்டிகள் பழைய சண்டையைத் தூசி தட்டி எடுத்தார்கள். என் வழி சுலபமானது. அதிகாரி திடீரென்று வந்து இருப்பைச் சரிபார்ப்பதாக நினைத்துக்கொள்வேன், துடிப்பு தானாக ஏறும்.

ஆட்டைக் கட்டிப் பார்த்தார்கள். ஆட்டுக்கு எங்களைவிடப் பயம் அதிகம். எருமை நிதானம்தான், ஆனால் ஜீப்புக்குள் நுழையவில்லை. தியான முகாம் நடத்த மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். மேலே வந்து சேர்ந்தபோது அவரைப் போர்வையில் வைத்துத்தான் இறக்கினோம். முகாம் ரத்து. சுகாதார நர்ஸ், ஊரில் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது, மாத்திரை போதவில்லை என்று புலம்பினாள். யாராவது சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்த்தால், அவனுக்கு என்ன குறை என்று ஊரே சந்தேகப்பட்டது. ஜீப்பில் சிரிப்பு நின்றுபோனது. யாரும் யார் மடியிலும் விழவில்லை.

எல்லாம் பவுன்தாய் மேல் விழுந்தது. முழங்கால் இரண்டும் கன்றிப்போயின. ஒரு பல் போனது. முதல் வாரம் எல்லாரும் ஐயோ என்றார்கள். பிறகு, அவளுக்குப் பழகிவிட்டது என்றார்கள். ஷர்மிளா வந்து கேட்டபோது அத்தனை பேரும் திருப்தி என்று கை தூக்கினார்கள். ஒருத்திதானே குறை? அந்த ஒருத்தியும் குறை சொல்லவில்லை. மெஷினைக் கழற்றச் சொல்லலாமே என்று, திண்ணையில் படுத்துக் கிடந்தவளிடம் நான் ஒருநாள் கேட்டேன்.

"எம் மகளுக்கு நாளு நெருங்குது கடைக்காரரே. இத கழட்டிப்புட்டா அவ எப்புடிக் கீழ போவா? அதுவரைக்கும் எம் மேலயே வரட்டும்" என்றாள். அத்துடன் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கீழே போகக் குறித்திருந்த நாளுக்கு முன்னாலேயே செல்வராணிக்கு வலி கண்டது. நான் அப்போது சர்வர் வேலை செய்யவில்லை என்று கடையில் பலகை மாட்டிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தேன். செல்வராணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நடுச் சீட்டில் உட்கார வைத்தார்கள். பவுன்தாய், ஒச்சம்மா, ராசாங்கம், நான், ஓட்ட குபேந்திரன். ஒருவருக்கும் கவலை இல்லை. பவுன்தாய்தான் கூட இருக்கிறாளே.

முதல் வளைவில் ஒரு சின்னக் கல். செல்வராணி சீட்டோடு எகிறினாள். "அம்மா" என்று கத்தினாள்.

குபேந்திரன் பிரேக்கை மிதித்தான். எல்லாரும் திரையைப் பார்த்தோம். பச்சைப் புள்ளி செல்வராணியுடையது. வலி விட்ட நேரத்தில் மூச்சை மெதுவாக இழுத்து விடு என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அவளும் அம்மாவைப் போலவே நிதானக்காரி. கர்ப்பிணிக்குத் துடிப்பு வேகம்தான். ஆனால் பழக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் துடிப்பு அதைவிட வேகம். இருப்பதிலேயே செக்கச் சிவந்து கிடந்தது பவுன்தாயின் புள்ளி.

அவள் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். யானைக்குப் பதறாத நெஞ்சு. "முடியலப்பா. நெஞ்சு அடிச்சுக்கிருது. நானும் நிறுத்திப் பாக்குறேன், நிக்க மாட்டேங்குது" என்றாள்.

கட்டிலில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்றார் ராசாங்கம். ஓடையைத் தாண்டுவதற்குள் பிறந்துவிடும் என்றாள் ஒச்சம்மா. மெஷினை நிறுத்த முடியாது. பழைய பட்டைகள் வீட்டில் கிடந்தன, இதை நிறுத்தினால் வண்டி அப்படியே அச்சின் மேல் உட்கார்ந்துவிடும். நாங்கள் இறங்கிக்கொண்டாலும் செல்வராணி ஒருத்திதான் மிஞ்சுவாள். அவளைவிட நிதானமாக ஒரு ஆள் வேண்டும். இத்தனை மாதமாகப் பதறப் பழகிய ஊரில் அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது?

பவுன்தாய் என் பக்கம் திரும்பினாள்.

"கடைக்காரரே, இந்த ஊருல யாரு இருந்தா என்ன, யாரு போனா என்னன்னு இருக்குற ஆளு நீரு ஒருத்தருதேன். இன்னைக்கு அது வேணும். செத்த நேரம் கல்லு மாதிரி இரும். ஒமக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் திட்டவில்லை. கும்பிட்டுக் கேட்டாள். நானும் கண்ணை மூடிக் கல்லாக முயன்றேன். திறந்து பார்த்தால் என் புள்ளி ராசாங்கத்தின் புள்ளியைவிடச் சிவப்பாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் செத்துவிடுவாளோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது. என்னைப் பற்றி ஊர் நினைத்ததும் தப்பு, நான் நினைத்ததும் தப்பு. அது தெரியவந்த நேரம்தான் சரியில்லை.

ஒச்சம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாக வரிசையில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவள். மடியிலிருந்த மஞ்சள் பையை எடுத்து, கடை ஜன்னலில் நீட்டுவதுபோல் என் முன்னால் நீட்டினாள்.

"சார், சீனி வந்துருச்சா?"

"வரல" என்றேன். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது.

திரையில் என் புள்ளி கொஞ்சம் வெளுத்தது.

ஒச்சம்மா பையைக் கீழே இறக்கவில்லை. "பாமாயிலு?"

"லோடு வரணும்."

"எப்ப வரும் சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

புள்ளி பச்சையானது. "எடுடா வண்டிய" என்று ராசாங்கம் அடிக்குரலில் சொன்னார். குபேந்திரன் எடுத்தான்.

அந்த நிலையை எப்படிச் சொல்வது? கடை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்குள் ஒரு கதவு மூடிக்கொள்ளும். வெளியே எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள், பலகையைத் தட்டியிருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். எதுவும் உள்ளே வந்ததில்லை. இப்போது ரோடு தட்டியது. பாறையும் பள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக என் இடுப்பில் வந்து தட்டின. நான் தலை கம்பியில் இடிக்க இடிக்க, நாளைக்கு வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கைரேகை விழல சார்."

"சர்வர் இல்ல. நாளைக்கு வாங்க."

"பருப்பாச்சும் குடுங்க."

"போன மாசமே முடிஞ்சுது."

ஒச்சம்மாவுக்குக் கேட்கப் பொருள் தீர்ந்ததும் ராசாங்கம் தொடர்ந்தார். கோதுமை கேட்டார், வேட்டி சேலை கேட்டார், கார்டில் பேர் சேர்க்கக் கேட்டார். பவுன்தாய் குரல் உடைந்து கேட்டாள், அவளுக்கும் இல்லை என்றேன். ஓடைப் பாறையில் ஜீப் இறங்கியபோது அவர்கள் மூன்று பேரும் பயத்தில் வாயடைத்துப் போனார்கள். என் புள்ளி மெல்லச் சிவக்கத் தொடங்கியது. அப்போது செல்வராணி, வலிக்கும் வலிக்கும் நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, மண்ணெண்ணெய் குடுப்பீகளா?"

"ஸ்டாக் இல்லம்மா" என்றேன். அந்த ஓடையின் மொத்தப் பாறையும் என் மேல் இறங்கியது. அவள் மேல் ஒரு தூசிகூட விழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஸ்ட்ரெச்சர் கேட்டார்கள். செல்வராணிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்ல குபேந்திரன் என் கட்டிலுக்கு வந்தான். சொல்ல முடியாமல் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு இடுப்பில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நானும் அழுதேன். இடுப்பு வலியில் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள், நல்லதுதான்.

மெஷின் நன்றாக விற்கப்போகிறது என்றாள் ஷர்மிளா. பெரிய மனிதர்கள் கார் ஒவ்வொன்றிலும் நிதானமான ஆள் ஒருவரை உட்கார வைக்கப்போகிறார்களாம், நல்ல சம்பளமாம். முதலில் பவுன்தாயைத்தான் கூப்பிட்டார்கள். குளுகுளு காரில் ஏற்றி நல்ல ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். புள்ளி சிவப்பு. மறுபடி ஓட்டினார்கள், மறுபடியும் சிவப்பு. பிள்ளை பால் குடித்ததோ இல்லையோ என்ற நினைப்பு அவளுக்கு. தேறவில்லை என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. குபேந்திரன் குழாய்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய பட்டையையே மாட்டிவிட்டான். ஜீப்பில் மறுபடியும் எல்லாரும் எல்லார் மடியிலும் விழுகிறார்கள்.

என்னையும் ஷர்மிளா விடவில்லை. உங்கள் அளவு நிதானம் எங்கள் கணக்கிலேயே கிடையாது சார் என்று தேடி வந்து சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உடம்பு தேறிக் கடையைத் திறந்த முதல் நாள் செல்வராணிதான் முதல் ஆளாக வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் பை. ஜன்னலில் பையை நீட்டினாள்.

"அண்ணே, சீனி வந்துருச்சா?"

வரல என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் என் இடுப்பு விறைத்துக்கொண்டது. இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். எங்கிருந்தோ ஒரு பாறை என்னை நோக்கி வருவது தெரிந்தது. கண்ணை இறுக்க மூடினேன்.

"இருக்கும்மா. பையக் குடு" என்றேன்.

பாறை வரவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒச்சம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மஞ்சள் பையை எடுத்து உதறிக்கொண்டு, பாமாயில் இருக்கிறதா என்று கேட்டாள்.